என் அண்ணியின் இடது கை

என் அண்ணி மின்விசிறி பழுதுபார்ப்பவர். "பிறருடைய காணொளிகளைத் தன்னுடையவை என வெளியிட்டவர்" என்று ஒரு சமூக ஊடக நிறுவனம் அவர்மீது முத்திரை குத்தி, அவருடைய பக்கத்தை ஒரு காலைப்பொழுதில் முடக்கியது. அந்த அறிவிப்பின் அச்சுப்படி என் கோப்பில் முதல் தாளாக இருக்கிறது. அதன் பின்னால் உள்ள தாள்களை வைத்து நீண்டதொரு முறையீடு எழுதலாம். எழுதியும் பார்த்தேன், பயனில்லை. ஆகவே இது முறையீடு அன்று. அண்ணி யார், அந்தப் பக்கம் எப்படி உருவாயிற்று, எப்படிப் பறிபோயிற்று, பிறகு என்ன நடந்தது என்பவற்றை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அண்ணி இடது கைப் பழக்கம் உடையவர். கத்தரிக்கோல் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை உலகத்தில் எல்லாமே வலது கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதைச் சிறு வயதிலேயே தெரிந்துகொண்டதாகச் சொல்வார். மின்விசிறித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அது மீண்டும் உறுதிப்பட்டது. பாகங்களைப் பொருத்தும் வரிசையில் கருவிகள் எல்லாம் வலப்பக்கம் தொங்கின. அண்ணி குறுக்கே கை நீட்டி எடுக்கும்போதெல்லாம் பக்கத்து இருக்கைப் பெண்ணின் மேல் இடிக்கும்.

"ஏம்மா, உன் ஒருத்திக்காக லைனையே திருப்பி வைக்கச் சொல்றியா?" என்று மேற்பார்வையாளர் கத்துவாராம். "பக்கத்துல இருக்கிற பொண்ணு இடி வாங்கி வாங்கி லீவு கேக்குது!"

இடிப்பதற்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, வரிசையின் கடைசி இருக்கைக்கு அண்ணியைத் தள்ளினார். அங்கே செய்யவேண்டியது ஒரே வேலை. மேசை விசிறியின் இறக்கையைத் தண்டோடு பிடித்திருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடியைத் திருகி இறுக்குவது. நாம் அன்றாடம் கையாளும் திருகுகள் எல்லாம் கடிகார முள் ஓடும் திசையில் திருப்பினால் இறுகும். இந்த மூடி மட்டும் அந்தத் திசையில் திருப்பினால் கழலும். இறக்கை சுழலும்போது மூடி தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அதன் உள்ளே ஓடும் திருகு வரியான மரையை எதிர்த்திசையில் வெட்டியிருப்பார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்த வலது கைக்காரர்கள் அனைவருக்கும் மாலைக்குள் மணிக்கட்டு வலியெடுக்கும். அண்ணிக்கு வலிக்கவே இல்லை. எதிர்த்திசையில் அழுத்தித் திருகுவதுதான் இடது கைக்கு இயல்பு. பிறந்ததிலிருந்து பிறர் குறை சொன்ன கைக்கென்றே செய்து வைத்ததுபோல் ஒரு வேலை அங்கே காத்திருந்தது.

சில வாரங்கள் கழித்து மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாராம்.

"இவ்வளவு நாளா எங்கம்மா இருந்தே?"

"உங்க கண்ணு முன்னாடிதான் சார், திட்டு வாங்கிக்கிட்டு."

இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அண்ணி தன் இடது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

தொழிற்சாலை வேறிடத்துக்கு மாறிப்போனபோது கைக்கு வந்த தொகையில் அண்ணி எங்கள் வீட்டின் முன்னறையைக் கடையாக்கினார். விசிறி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் சிறிய மோட்டார் எல்லாம் பார்ப்பார். என் அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறார். நான் ஒரு கிடங்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்துவந்தேன். அந்த வேலை போனபின் கடையின் ரசீதுகளையும் வருவோரையும் கவனித்துக்கொண்டேன். கடையை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பை அண்ணன் கேட்காமலேயே தன் தலைமேல் போட்டுக்கொண்டார். பெரிய பலகை எழுதினார். "நம்பிக்கை! நாணயம்! நவீனம்!" என்று மூன்று ஆச்சரியக்குறிகளுடன் நோட்டீஸ் அச்சடித்து, செய்தித்தாள்களுக்குள் செருகக் கொடுத்தார். சில நாள் கழித்து ஆணி வாங்கப் போன இடத்தில் ஆணியை ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தேன்; எங்கள் நோட்டீஸ்.

"பார்த்தியா, எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கு!" என்றார் அண்ணன், சற்றும் தளராமல்.

வருகிற ஒவ்வொருவரிடமும் எங்கள் கடையை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பது என் வழக்கம். நோட்டீஸைப் பார்த்து வந்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர் அதை அச்சடித்த அச்சகத்துக்காரர்.

பக்கத்துக் கடைத் தையல்கார அக்காதான் வழி காட்டினார். கிழிந்த துணியில் ஒட்டு தெரியாமல் தைப்பதைக் காணொளியாக எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவந்தவர் அவர். அண்ணியையும் அப்படிச் செய்யச் சொன்னார்.

"ஐயோ, என் மூஞ்சியை யாரு பார்ப்பா?" என்றார் அண்ணி.

"மூஞ்சியைக் காட்ட வெக்கமா இருந்தா கையைக் காட்டு. ரிப்பேர் பண்றது மூஞ்சியா, கையா?"

குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சிய, ஓரத்தில் சிறிது உடைந்த ஒரு வெள்ளை டைல்ஸை மேசைமேல் வைத்தோம். துணி காயப்போடும் கிளிப்புகளாலும் ரப்பர் பட்டையாலும் கைபேசியை ஒரு மேசைவிளக்கின் கழுத்தில் கட்டினோம். முதல் காணொளியே அந்த மூடியைப் பற்றியதுதான். இடது கை மட்டும் தெரியும். குரல் மட்டும் கேட்கும். "இந்த மூடியைக் கழட்டத் தெரியாமதான் பாதிப்பேரு விசிறியைத் துடைக்கிறதே இல்ல. ரொம்ப சுலபம். கடிகாரம் ஓடுற திசையில திருப்புங்க. அவ்வளவுதான், வந்துடுச்சு."

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "தொழில் ரகசியத்தையெல்லாம் தெருவுல கொட்டிட்டா அப்புறம் கடைக்கு எவன் வருவான்?"

"மூடி கழட்டக்கூட நம்மகிட்ட வந்தா அவங்களுக்கு அலைச்சல், எனக்கு சலிப்பு," என்றார் அண்ணி. "கழட்டி உள்ள எட்டிப் பார்த்துட்டு, பயந்துபோய் ஓடி வருவாங்க பாருங்க, அதுதாங்க நமக்கு வேலை."

அப்படியே நடந்தது. விசிறியைத் தாங்களே துடைத்தவர்கள், உள்ளே கரிந்துபோன கம்பிச்சுருளைக் கண்டதும் எங்களைத் தேடி வந்தார்கள். காணொளியின் கீழே கேள்வி கேட்டவர்களுக்கு அண்ணி விடை சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். கேள்விகளிலிருந்தே அடுத்த காணொளி பிறக்கும். பலகையும் நோட்டீஸும் ஒருபோதும் செய்யாத ஒன்று அதனால் நிகழ்ந்ததை நான் கவனித்தேன். பலகை எங்களைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்வது. அதற்கு யாரும் மறுமொழி சொல்ல முடியாது. இங்கோ வாடிக்கையாளர் கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே அண்ணியோடு பேசிப் பழகியிருந்தார்.

இன்னொன்றும் செய்தார் அண்ணி. அதை நானும்கூட முதலில் எதிர்த்தேன். சரிசெய்ய முடியாமல் போன விசிறி ஒன்றையும் காணொளியாக்கினார். "ரெண்டு நாளா பார்த்துட்டேன். என்னால முடியல. பாகம் கிடைக்கல. இதுக்காக நான் காசு வாங்கல" என்று தெளிவாகச் சொல்லிப் பக்கத்தில் போட்டார். "கடையை மூடுறதுக்கு இதைவிட நல்ல விளம்பரம் உண்டா?" என்று அண்ணன் தலையில் கைவைத்தார். அந்த வாரமே ஒரு பேருந்து ஓட்டுநர் நின்றுபோன விசிறியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்து வந்தார்.

"வழியில எத்தனையோ கடை இருக்கே, இவ்வளவு தூரம் ஏங்க வந்தீங்க?" என்று என் வழக்கப்படி கேட்டேன்.

"முடியலன்னு வாய்விட்டுச் சொன்ன கடை இது ஒண்ணுதான். இங்க முடியும்னு சொன்னா நம்பலாம்ல?"

அண்ணன் அன்று மாலை மிச்சமிருந்த நோட்டீஸ்களை எடுத்து வேனின் கண்ணாடியைத் துடைத்தார். அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை அது.

பிறகுதான் பக்கம் முடக்கப்பட்டது.

காலையில் அண்ணி புதிய காணொளியைப் போடப் போனார், திறக்கவில்லை. அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. கடைத்தெருவில் உள்ள பெரிய மின்பொருள் அங்காடி ஒன்று, எங்கள் காணொளிகள் தங்களுடையவற்றின் நகல் என்று புகார் கொடுத்திருந்தது. அங்காடியின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அதே வெள்ளை டைல்ஸ், அதே மேசை. குரலை எடுத்துவிட்டுப் பின்னணி இசை சேர்த்திருந்தார்கள். "மிக எளிது! நாமே கழற்றலாம்!" என்ற எழுத்து மின்னி மின்னி வந்தது. ஆச்சரியக்குறிகள் மட்டும் அண்ணனுடையவைபோல் இருந்தன.

அண்ணியிடம் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.

"டைல்ஸ் நம்ம டைல்ஸ்தான். ஆனா இது என் கை இல்லையே. யாரோ வலது கைக்காரி..." என்று தொடங்கியவர் திடீரென்று எழுந்துவிட்டார். "ஐயோ, ஐயோ, அந்தப் பக்கம் திருப்புறாளே! மூடி உடைஞ்சுபோகும்!"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. திருடியது தெரியாமல் இருப்பதற்காகக் காணொளியைக் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம்வலமாக மாற்றியிருந்தார்கள். அண்ணியின் இடது கை வலது கையாகியிருந்தது. அத்துடன், கடிகாரத் திசையில் கழன்ற மூடி அங்கே எதிர்த்திசையில் கழன்றது. குரல் இருந்திருந்தால் "கடிகாரம் ஓடுற திசை" என்ற சொல்லே காட்டிக்கொடுத்திருக்கும். அதைத்தான் முதலில் நீக்கியிருந்தார்கள். அதைப் பார்த்து யாரேனும் வீட்டில் செய்தால், கழற்றுவதாக எண்ணிக்கொண்டு மேலும் மேலும் இறுக்குவார்கள்.

எங்கள் பக்கத்தைத் திருடியதைவிட அண்ணிக்கு அந்த மூடியைப் பற்றித்தான் கவலை அதிகமாக இருந்தது.

நான் என் வேலையைத் தொடங்கினேன். காணொளிகளின் மூலப் பதிவுகள், அவை எடுக்கப்பட்ட தேதிகள், டைல்ஸ் வாங்கிய ரசீது, அண்ணியின் தொழிற்சாலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி அனுப்பினேன். "உங்கள் முறையீடு பரிசீலிக்கப்பட்டது. முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது. மறுபடியும் விரிவாக எழுதினேன். அதே பதில், அதே சொற்கள். நான் எழுதியதை மனிதர் யாரும் படிக்கவில்லை என்பதை அந்தச் சொற்களிலிருந்தே அறிந்துகொண்டேன். இருந்தும் இரண்டு பதில்களையும் அச்செடுத்துக் கோத்தேன்.

"வக்கீலம்மா, கோப்பு நல்லா கொழுத்துப்போச்சு. சாப்பாடு போட்டு வளர்க்கிறியா?" என்றார் அண்ணன். கேலி செய்தாலும் கோப்புக்குப் புதிய அட்டையை அவர்தான் வாங்கி வந்தார்.

கடையில் கூட்டம் குறைந்தது. அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பொறுக்க முடியாதது வேறு. புகாரை அந்த அங்காடி தன் பக்கத்தில் வெளியிட்டிருந்ததால், முன்பு அண்ணியிடம் கேள்வி கேட்டவர்களே "இவ்வளவு நாளா திருட்டு வீடியோவா போட்டீங்க?" என்று தையல்கார அக்காவின் பக்கத்தில் வந்து கேட்டார்கள். ஒருவர் கடை வாசலிலேயே கேட்டார். அண்ணி ஒரு இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சீவிக்கொண்டிருந்தார். கேட்டவர் போனபின் பார்த்தேன்; சீவிச் சீவிக் கம்பியே அறுந்திருந்தது.

"புதுசா ஒரு பேஜ் தொடங்கிடு. யாரு தடுக்கிறாங்க?" என்றார் அண்ணன்.

"புதுசா தொடங்கினா, பழசுல திருடினேன்னு ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். எனக்கு அந்தப் பேஜே வேணுங்க. அதுல இருக்கிறது என் கை."

பழைய பக்கம், அதே பெயரில், திருட்டுப் பழி நீங்கித் திரும்ப வரவேண்டும். அண்ணி கேட்டது அது ஒன்றைத்தான்.

சில நாள் சென்றபின் ஒரு செவிலியர் கடைக்கு வந்தார். பையிலிருந்து ஒரு விசிறி மூடியை எடுத்து வைத்தார். நடுவில் விரிசல் விட்டு, மரை முற்றிலும் சிதைந்திருந்தது.

"எப்படிங்க உடைஞ்சது?" என்றார் அண்ணி.

"கழட்டித் துடைக்கலாம்னு பார்த்தேன். வீடியோவுல காட்டின மாதிரியே செஞ்சேன். வரவே மாட்டேன்னுச்சு. அப்புறம் இடுக்கி வச்சுத் திருப்பினேன்."

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

செவிலியர் காற்றில் கையைச் சுழற்றிக் காட்டினார், எதிர்த்திசையில். அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு செவிலியரின் கைபேசியில் அந்த அங்காடியின் காணொளியைப் பார்த்தார். புதிய மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்து, சரியான திசையைக் காட்டிவிட்டு, மூடியின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்கடுத்து ஒரு பள்ளி ஓவிய ஆசிரியர் வந்தார். அடுத்து ஒரு தந்தையும் மகளும், இருவரும் மாறிமாறி "நீதான் உடைச்சே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி விரிசல். உடைந்த மூடிகள் மேசையோரத்துப் பீங்கான் கிண்ணத்தில் நிரம்பின.

எனக்கோ மகிழ்ச்சி. வந்தவர்களிடமெல்லாம் கையெழுத்துடன் வாக்குமூலம் வாங்கலாம் என்றேன். அண்ணன் உடனே "வக்கீலம்மா, விசிறிக்கே வாக்குமூலம் வாங்கிடுவா" என்றார். அண்ணி சிரிக்கவில்லை.

"அந்த வீடியோ இன்னும் ஓடிக்கிட்டிருக்கும்மா. நாம பேசிக்கிட்டிருக்கிற இந்த நேரத்துலயும் யாரோ ஒருத்தர் இடுக்கியைத் தேடிக்கிட்டிருப்பாங்க. நிறுத்தணும். நம்ம பேஜ் வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவர் எழுந்து உள்ளே போனார். திருப்புளியின் ஓசை கேட்டது. அலமாரிக் கதவிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு நான் எதைப் பார்த்து சவரம் பண்றது?" என்றார் அண்ணன்.

"தாடி வச்சா நல்லாத்தான் இருப்பீங்க. நகருங்க."

மறுநாள் நண்பகலில் தையல்கார அக்காவின் பக்கத்தில் நேரலை. எங்களுக்கென்று பக்கம் இல்லாததால் அவர் தன் பக்கத்தைத் தந்தார். தன் வாடிக்கையாளர்கள் வருத்தப்படக்கூடும் என்று தெரிந்தே தந்தார். மேசைமேல் வெள்ளை டைல்ஸ், அதன்மேல் உடைந்த மூடிகள் நிறைந்த கிண்ணம், அருகில் ஒரு மேசை விசிறி. விசிறிக்குப் பக்கத்தில், அதன் முகம் தெரியும்படி கண்ணாடி சாய்ந்து நின்றது. அதுவரை முகத்தைக் காட்டாத அண்ணி முதல்முறையாகக் கைபேசியின் முன்னால் வந்து அமர்ந்தார். தொண்டையைச் செருமினார். அக்கா கைகாட்டினார்.

"வணக்கம். நான்தான் அந்தக் கைக்குச் சொந்தக்காரி" என்று தொடங்கினார். "இந்தக் கிண்ணத்துல இருக்கிறதெல்லாம் ஒரு வீடியோவைப் பார்த்து உடைஞ்ச மூடிங்க. யாரு போட்ட வீடியோன்னு நான் சொல்லப்போறதில்ல. ஏன் உடைஞ்சதுன்னு மட்டும் காட்டுறேன். முதல்ல என் கையைப் பாருங்க, இடது கை. கடிகாரம் ஓடுற திசையில திருப்புறேன். கழண்டுடுச்சு. இப்போ கண்ணாடியைப் பாருங்க."

மீண்டும் மூடியைப் பொருத்தி, மெதுவாகக் கழற்றினார். கண்ணாடிக்குள் ஒரு வலது கை அதே மூடியை எதிர்த்திசையில் கழற்றியது. அங்காடியின் காணொளியில் எல்லோரும் பார்த்திருந்த அதே கை, அதே அசைவு, அதே டைல்ஸின் ஓரத்தில் இருந்த அதே சிறிய உடைசல்.

"கண்ணாடிக்குள்ள எல்லாம் சரியா கழலும். வெளியில செஞ்சா உடையும். அதனால கண்ணாடியைப் பார்த்து வேலை கத்துக்காதீங்க. உடைச்சவங்க இங்க கொண்டு வாங்க. மூடி விலை மட்டும்தான், கூலி வேணாம். இன்னும் உடைக்காதவங்க இடுக்கியை எடுத்த இடத்துல வைங்க."

திரையில் எழுத்துகள் மேலே மேலே ஓடின. நான் வாசித்துச் சொன்னேன். "ஐயோ, அது அந்தக் கடை வீடியோ!" "திருப்பிப் போட்டிருக்காங்க!" "என் மாமியார் விசிறி போச்சு, நான் வாங்கின திட்டு யாருக்குப் போகும்?" பேருந்து ஓட்டுநர் ஒரே வரி எழுதியிருந்தார். "முடியலன்னா முடியலன்னு சொல்ற கடை இது. திருட மாட்டாங்க." அதை நான் வாசித்தபோது அண்ணி சற்றுநேரம் விசிறியின் பின்பக்கம் குனிந்து எதையோ தேடினார். அங்கே தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த நேரலையை மக்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பகிர்ந்தார்கள். பணம் செலவழித்து யாரும் பரப்பவில்லை. உடைந்த மூடி வைத்திருந்தவர்களில் பலர் எங்களிடம் வந்தார்கள். வேறு பலர் நேராக அந்த அங்காடிக்கே போய், மூடியைப் பணம் செலுத்தும் இடத்தில் வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள்.

அதற்கு மறுநாள் முற்பகல் அங்காடியின் மேலாளர் எங்கள் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. தூக்கிப் பிடித்ததும் உள்ளே பிளாஸ்டிக் கலகலத்தது.

"இதையெல்லாம் எங்க கவுன்ட்டர்ல கொட்டிட்டுப் போறாங்கம்மா" என்றார்.

"உள்ள வாங்க சார், உக்காருங்க. அந்த ஸ்டூல்ல வேணாம், அதுவும் ரிப்பேருக்கு வந்தது."

மேலாளர் நின்றபடியே பேசினார். "விளம்பர வேலையை ஒரு ஏஜென்சிகிட்ட விட்டிருந்தோம். தினம் ஒரு வீடியோ போடணும்னு ஒப்பந்தம். எங்கிருந்து எடுத்தாங்கன்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்."

"புகார் யார் கொடுத்தது?" என்றேன் நான், கோப்பைத் திறந்துகொண்டே.

"அதுவும் அவங்கதான்... எங்க பேர்ல." கோப்பின் தடிமனைப் பார்த்து அவர் குரல் சற்றே தணிந்தது. பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். "ஏஜென்சியை நிறுத்திட்டோம். நீங்களே எங்களுக்கு வீடியோ பண்ணிக் கொடுங்களேன். மாசச் சம்பளம். இந்தச் சின்ன ரூம்ல கஷ்டப்பட வேணாம்."

கடையில் கூட்டம் குறைந்திருந்த நாள்கள் எங்கள் மூவருக்கும் நினைவிருந்தன.

"எனக்கு வேலை இருக்கு சார்" என்றார் அண்ணி. "எனக்கு வேண்டியது வேற. புகாரை வாபஸ் வாங்குங்க. வாங்கினதை உங்க பேஜ்லயே சொல்லுங்க. அந்த வீடியோவை எடுத்துட்டு, என்னோடதைத் திருப்பாம போடுங்க, என் குரலோட, கடை பேரோட."

மேலாளருக்குக் குழப்பம். "உங்க வீடியோவை எங்க பேஜ்லயா? உங்களோடதை நாங்க போட்டதுதானே பிரச்சனையே?"

"உடைச்சவங்க உங்க பேஜைப் பார்த்துத்தான் உடைச்சாங்க. அடுத்த விசிறிக்கும் அங்கதான் போய்ப் பார்ப்பாங்க. சரியான திசையை அங்க சொன்னாத்தான் சார் அவங்க காதுல விழும்."

மேலாளர் பையை மேசைமேல் வைத்தார்.

"சரிம்மா. இதையும் நீங்களே வச்சுக்கோங்க. எங்களுக்கு இதை என்ன செய்யறதுன்னு தெரியல."

"அப்பாடா, கிண்ணத்துக்குத் தம்பி வந்தாச்சு" என்றார் அண்ணன்.

மேலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புகார் திரும்பப் பெறப்பட்டது. இயந்திரம் எனக்கு அனுப்பிய மூன்றாவது பதிலில் சொற்கள் முதல்முறையாக வேறாக இருந்தன. பக்கம் திறந்தது. பழைய காணொளிகள், பழைய கேள்விகள், அண்ணி சொல்ல நான் தட்டச்சு செய்த பழைய விடைகள் எல்லாம் விட்ட இடத்தில் அப்படியே இருந்தன. அங்காடியின் பக்கத்தில் இப்போது அண்ணியின் இடது கை இடது கையாகவே தெரிகிறது. "கடிகாரம் ஓடுற திசையில திருப்புங்க" என்ற குரல் அங்கும் கேட்கிறது. அதன் கீழே கேள்வி கேட்போருக்கு "இவங்க கடைக்கே போங்க" என்று பிறர் பதில் எழுதுகிறார்கள்.

கண்ணாடி அலமாரிக்குத் திரும்பியது. அதன் இடத்தில் அண்ணி ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டினார். டைல்ஸுக்குப் பின்னால், எல்லாக் காணொளியிலும் தெரியும்படி. யாரேனும் திருப்பிப் போட்டால் முள் பின்னோக்கி ஓடும். தையல்கார அக்கா அதைப் பார்த்துத் தன் தையல் எந்திரத்துக்குப் பின்னால் ஒன்றை மாட்டினார். எதிர்ச்சாரியில் செருப்புத் தைப்பவரும், சைக்கிள் கடைக்காரரும் தொடர்ந்தார்கள். எங்கள் தெருவில் இப்போது மணி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நான்கு கடிகாரங்களும் நான்கு வெவ்வேறு மணி காட்டும் என்பது வேறு விஷயம். "நேரம் எதுவா இருந்தா என்ன, ஓடுற திசை சரியா இருக்குல்ல?" என்கிறார் அண்ணன்.

அங்காடி தன் முத்திரையுடன் ஒரு மன்னிப்புக் கடிதமும் அனுப்பியிருந்தது. அதைக் கோப்பில் வைக்க நான் தேடியபோது கிடைக்கவில்லை. மேசையைத் துடைக்கும்போது எண்ணெய்க் குவளையை நகர்த்தினேன். அதன் அடியில் இருந்தது.

"அண்ணி, இதைப் போய் எண்ணெய் டப்பாவுக்கு அடியில வச்சிருக்கீங்களே! எவ்வளவு முக்கியமான காகிதம்!"

"மேசையில கறை படியுதும்மா. நல்ல கெட்டித் தாளா இருந்துச்சு." ஒரு விசிறியின் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார், இடது கையால், ஒரே திருகில்.

வட்டமான எண்ணெய்க் கறையுடன் அந்தத் தாள் என் கோப்பில் இருக்கிறது. அதுவே கடைசித் தாள்.